கண்ணை மூடிக் கும்பிட்ட மண்டோர்

தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் நல்லசாமி மோட்டார் சைக்கிளில் போகும்போது கோயிலைக் கண்டால் இரண்டு கையையும் விட்டு, கண்ணை மூடிக் கும்பிடுவார். செம்பனைத் தோட்டத்திலிருந்து மலேசியாவின் கோலா சிலாங்கூர் டவுனுக்கு ஏழு மைல். வழியில் ஆறு கோயில். சின்னச் சாமிக்கு மூன்று விநாடி, மாரியம்மனுக்கு ஐந்து. தினமும் போக வரக் கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு இரண்டு மைல் கண்ணை மூடிக்கொண்டே ஓட்டியிருக்கிறார். அந்த இரண்டு மைலில் என்ன இருந்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

எண்பத்து நாலாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை. முனியாண்டி கோயிலுக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தார். மோட்டார் சைக்கிள் வாய்க்காலில் கிடந்தது. அவர் ஒரு பசுமாட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். மாடு பதறவில்லை. கறவை நேரம் என்பதால் அவரையும் சுமந்துகொண்டு அரை மைல் நடந்தது. வழியில் இரண்டு பேர் வணக்கம் சொன்னார்கள். கை ஏற்கெனவே கூப்பியபடி இருந்ததால் பதில் வணக்கத்தில் அவருக்குச் சிரமம் இருக்கவில்லை.

மாட்டுக்காரி சின்னத்தாய் கொட்டகை வாசலில் நின்று ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்ன மண்டோரே, பால் வேணும்னா போத்தலோட வரக்கூடாதா? மாட்டோடவே வரணுமா?”

அவர் நொண்டிக்கொண்டு வீடு வந்து சேருமுன்பே சேதி வந்து சேர்ந்திருந்தது. மனைவி நவமணி ஏழு மாசம். முழங்கால் சிராய்ப்புக்கு மஞ்சளை அப்பிவிட்டுச் சொன்னாள்:

“செவ்வாக்கிழமை கிளினிக்குக்கு நான் பஸ்ல போய்க்கிறேன். இனிமே ஒங்க மோட்டார்ல ஏற மாட்டேன்.”

“பஸ் புடிக்க ரெண்டு மைல் நடக்கணுமே, புள்ள!”

“நடக்குறேன்.”

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் நடந்தாள். கால் இரண்டும் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருந்தது. நல்லசாமி பக்கத்திலேயே மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

“ஏறு லா நவமணி. இனிமே கும்பிடல, போதுமா?”

“ஒங்க கை கேக்குமா?”

கை கேட்காது. முந்தின நாள் வெள்ளோட்டம் பார்த்தபோது, கோயில் வருமுன்பே இரண்டு கையும் தானாக எழும்பியது. அதனால் டியூப் ரப்பர் வாரைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

“கைப்பிடியோட சேத்துக் கட்டிக்கிறேன்.”

“கட்டிட்டா பிரேக்கை யாரு புடிப்பா, முனியாண்டியா?”

நல்லசாமி வாரை மடித்து மடித்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார்.

“போன ரெண்டும் தங்கல,” என்றார் ரோட்டைப் பார்த்தபடி. “அதுக்கு முன்னால நான் ஒத்தைக் கையாலதான் கும்பிடுவேன். கண்ணையும் மூட மாட்டேன். சாமிக்கு அது பத்தலையோன்னு பயம். இதுக்காவது ஒழுங்கா கும்பிடணும்ல?”

நவமணி நின்றுவிட்டாள். மூச்சு வாங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிள் கூடையில் காய்கறி போலக் கிடந்த ஹெல்மெட்டை எடுத்து அவர் தலையில் மாட்டி, வாரை இழுத்துப் பூட்டினாள். தன்னுடையதையும் மாட்டிக்கொண்டாள்.

“கும்பிடுறது என் வேலை. ரெண்டு பேருக்கும் சேத்துக் கும்பிடுறேன். ரோட்டைப் பாக்குறது ஒங்க வேலை. சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

ஏறி உட்கார்ந்து, ஒரு கையால் அவர் இடுப்பு வாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

முனியாண்டி கோயில் வந்தது. நல்லசாமியின் உள்ளங்கை இரண்டிலும் கட்டெறும்பு ஊர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியை இறுக்கினார். முதுகுக்குப் பின்னால் நவமணி பேர், நட்சத்திர விவரமெல்லாம் சொல்லி, நிதானமாக வேண்டிக்கொண்டிருந்தாள்.

கோயிலை அடுத்த சந்திலிருந்து செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று ஹாரன் இல்லாமல் பின்பக்கமாகவே ரோட்டுக்கு வந்தது. நல்லசாமி பார்த்தார். பிரேக்கை அழுத்தினார். முன்சக்கரத்துக்கும் லோரிக்கும் நடுவில் நாலு முழம் மிச்சம்.

லோரி போகும்வரை இரண்டு பேரும் அசையவில்லை.

“இந்தச் சந்து எப்ப வெட்டுனாங்க?” என்றார் நல்லசாமி.

“நான் கல்யாணமாகி வந்தப்பவே இருந்துச்சு,” என்றாள் நவமணி. “போங்க, இன்னும் அஞ்சு கோயில் இருக்கு. கிளினிக்குல நம்பர் முடிஞ்சிடும்.”