அண்ணன் ஈரலுக்கு விட்டமின் ஏ

இரவு ஷிஃப்ட் முடிந்ததும் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். பதினொரு மணிக்கு ஈரல் டாக்டரைப் பார்க்க வேண்டும். மாற்று ஈரலுக்கான பட்டியலில் அவனைச் சேர்ப்பாரா மாட்டாரா என்பது இன்று தெரியும்.

கதவைத் திறந்தவனின் உதடு வெடித்திருந்தது. உள்ளங்கையில் தோல் உரிந்து தொங்கியது.

"என்னடா பாக்குற? பாம்பு சட்டை உரிக்குது."

"தலைவலி இருக்கா?"

"மண்டைய பொளக்குது. முடி வேற கொட்டுது. அழகு கூடிட்டே போகுது போ."

நான் ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டவன். இப்போது ஓர் ஆய்வுக்கூடத்தில் தட்டுகளில் வளரும் ஈரல் செல்களுக்கு இரவில் தீனி மாற்றுகிறேன். அதில் ஒரு வகைச் செல், விட்டமின் ஏ-வைக் கொழுப்புத் துளிகளாகச் சேர்த்து வைக்கும். புற ஊதா ஒளியில் அந்தத் துளிகள் நீலமாக மின்னிச் சில நொடிகளில் மங்கும். ஈரல் தொடர்ந்து அடிபட்டால் அந்தச் செல் துளிகளை இழந்துவிட்டு, நார் நாராகத் தழும்பு போடத் தொடங்கும். தழும்பு கூடக் கூட ஈரல் இறுகிவிடும். அண்ணனுக்கு அதுதான்.

இரண்டு மாதம் முன்பு அண்ணிக்கு ஃபோனில் படம் காட்டி இதையெல்லாம் விளக்கினேன். விட்டமின் ஏ-விலிருந்து வரும் ஓர் அமிலத்தைச் சொட்டினால் தட்டில் சில செல்கள் அடங்குகின்றன என்றும் சொன்னேன். வெகுநாள் கழித்து என் பேச்சையும் ஒருவர் கண் கொட்டாமல் கேட்டார். தட்டில் நடப்பது மனிதனுக்குள் அப்படியே நடக்காது என்ற ஒரு வரியை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் ஃபோனை வைத்துவிட்டு எழுந்து போயிருப்பார்.

அண்ணி தையல் மெஷினில் இருந்தார்.

"அண்ணி, அண்ணனுக்கு என்ன குடுக்குறீங்க?"

மெஷின் நின்றது. "டாக்டர் எழுதினதுதான்."

"அண்ணி."

நூல்கண்டுப் பெட்டியின் அடியிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தார். வீரியம் கூடிய விட்டமின் ஏ மாத்திரை.

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"நாலு. நீங்கதானே தம்பி சொன்னீங்க, அந்த செல்லு காலியாயிடுதுன்னு? காலியானா நிரப்பணும்ல?"

நானும் முதல் வருஷம் இப்படித்தான் நினைத்தேன். அளவு மீறினால் அதே செல்கள் புடைத்து அதே தழும்பைப் போடும். தோல் உரிவதும் முடி கொட்டுவதும் தலைவலியும் அந்த மீறலின் அடையாளம்.

"டாக்டர்கிட்ட சொல்லணும்."

"வேணாம் தம்பி! பேச்சு கேக்காதவங்கன்னு பட்டியல்ல சேக்க மாட்டாங்க. இன்னையோட நிறுத்திடறேன். உங்க கால்ல வேணாலும் விழறேன்."

"என் ஈரலை பங்கு போட்டு முடிச்சாச்சா?" என்றான் அண்ணன் வாசலிலிருந்து. "வண்டி வந்துருச்சு."

ஆஸ்பத்திரியில் டாக்டர் அண்ணனின் ரத்தப் பரிசோதனை அறிக்கையை இரண்டு முறை புரட்டினார்.

"ரெண்டே மாசத்துல இவ்வளவு மோசமா? நான் குடுத்தது தவிர வேற ஏதாவது சாப்பிடறீங்களா?"

அண்ணி தரையைப் பார்த்தார். மறைத்தால் இன்றே பெயர் ஏறலாம். ஆனால் எதற்கு வைத்தியம் பார்க்கிறோம் என்றே டாக்டருக்குத் தெரியாமல் போகும். டப்பாவை மேசையில் வைத்தேன்.

"யார் குடுக்கச் சொன்னது?"

"நான்தான் டாக்டர்..." என்று அண்ணி ஆரம்பித்தார்.

"இல்ல, நான். அவங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"நீங்க டாக்டரா?"

"படிப்ப பாதியில விட்டவன்."

"தெரியுது."

பட்டியல் முடிவைத் தள்ளிவைத்தார். "இதுல நோய் எவ்வளவு, மாத்திரை எவ்வளவுன்னு இப்ப பிரிக்க முடியாது. நிறுத்திட்டுப் பாக்கணும். சேத்து வச்சத ஈரல் லேசுல விடாது. மாசக்கணக்காகும்."

"அத்தனை மாசம் இவருக்கு இருக்கா?" என்று அண்ணி கேட்டார்.

டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும் அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான். "நல்லவேளை, நீ முழுசா படிக்கல," என்று சிரித்தான். உதடு மறுபடி வெடித்து ரத்தம் வந்தது. அண்ணி பையிலிருந்து ஒரு துணித் துண்டை எடுத்து ஒற்றினார்.

பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "இனிமே எங்ககிட்ட எதுவும் சொல்லாதீங்க."