பருந்தால் தள்ளிப்போன கல்யாணம்

அதிகாலை ரயில் இலங்கை மலையகத்து வட்டவளை ஸ்டேஷனில் நின்று கிளம்பிவிட்டது. மாப்பிள்ளை லியனார்ட் இறங்கவில்லை.

பவுலின் கல்யாணப் புடவையோடு மாதா கோயில் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தாள். அவள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருத்துவிச்சி. லியனார்ட் மஸ்கெலியாக்காரன். கடல் கடந்து திருச்சிக்கு ஆசிரியர் பயிற்சிக்காகப் போனவன், கடைசிப் பரீட்சையை எழுதிய கையோடு விமானம் ஏறி வந்துவிடுவதாகப் பேச்சு. பெண் பார்க்க வந்தபோது ஒரே ஒரு தடவை அவனைப் பார்த்திருக்கிறாள்.

வெயில் ஏறிய பிறகு திருச்சியிலிருந்து அவன் தந்தி வந்தது. விமானத்தில் பருந்து மோதிவிட்டது, பயணம் நின்றுவிட்டது என்று பவுலினே அதைப் படித்துச் சொன்னாள்.

“ஒரு பருந்து மோதி ஏரோப்பிளேன் நிக்குமா?” என்றாள் அத்தை ராசம்மா. “அவருக்கு மனசு மாறிருச்சு. பருந்து மேல பழியப் போடுறாரு.”

அப்பா சவரிமுத்து கோயில் சாமியாரைப் பார்த்தார்.

“பொழுது சாயுறதுக்குள்ள வந்துட்டா கட்டி வச்சிருவேன்,” என்றார் சாமியார். “நாளைக்கு விபூதிப் புதன். ஈஸ்டர் வரைக்கும் தவசு காலம், அது முடிஞ்சுதான் கல்யாணம்.”

பொழுது சாய்ந்தது. பவுலின் புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். “ஆக்குன ஆட்டுக்கறி வீணாப் போக வேணாம்ப்பா. எல்லாரையும் பந்தியில உக்காரச் சொல்லுங்க,” என்றாள். குரல் தடுமாறவில்லை. ஆனாலும் அத்தை சொன்னது உள்ளே குத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் மத்தியானம் லியனார்ட் வந்தான். கசங்கிய சட்டை, சவரம் செய்யாத முகம்.

“ஏறுன கொஞ்ச நேரத்துல டமார்னு ஒரு சத்தம்ங்க,” என்றான். “ஒரு எஞ்சின் நின்னுபோச்சு. திருச்சிக்கே திருப்பிக் கொண்டாந்து எறக்கிட்டாங்க. பிரிச்சுப் பாக்காம எடுக்க மாட்டோம்னுட்டாங்க. கொழும்புல இருந்து வேற பிளேன் வரணும். அது யாழ்ப்பாணம் போக வேண்டிய பிளேனாம். எங்களுக்காக அந்த சனமும் காத்துக் கெடந்துச்சு. கொழும்புல கப்பல் ஏற வேண்டிய ஒருத்தர், கப்பல் போயிருச்சுன்னு அழுதாரு.”

“பருந்து?” என்று கேட்டாள் பவுலின்.

“ரெக்கை மட்டும்தான் கெடைச்சுச்சு. பாவங்க.”

“ஒங்களுக்குப் பயமா இருந்துச்சா?”

அவன் ராசம்மாவைப் பார்த்தான், சவரிமுத்துவைப் பார்த்தான். பிறகு அவளையே பார்த்துச் சொன்னான்: “நடுங்கிட்டேங்க. பக்கத்துல இருந்த பெரியவர் கையப் புடிச்சவன், எறங்குற வரைக்கும் விடல.”

ராசம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பவுலின் சிரிக்கவில்லை. பயந்தேன் என்று வாய்விட்டுச் சொல்லும் ஆம்பிளையை அவள் அதுவரை கண்டதில்லை. இவன் பொய் சொல்கிறவன் இல்லை என்று அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தவசு காலம் முழுக்க ஞாயிறுதோறும் பூசைக்கு வட்டவளைக்கு வந்தான் லியனார்ட். பூசை முடிந்ததும் இருவரும் கோயில் படியில் உட்கார்ந்து பேசுவார்கள். சவரிமுத்து தூரத்தில் நின்று தேயிலைச் செடிகளைப் பார்ப்பதுபோல் பாவனை செய்வார்.

ஈஸ்டர் கழிந்து தாலி ஏறியபோது ஆட்டுக்கறி இல்லை, தேத்தண்ணியும் கேக்கும்தான். பவுலினுக்கு அதில் குறை ஏதும் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவனை அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.