துணி கட்டிய ஐந்து செடிகள்

இரண்டு நாள் மழை விட்ட காலையில் ஓதேலுவின் பருத்திக் காடு முழுவதும் தலை தொங்கி நின்றது. ஸ்வரூபா வரப்பில் ஏறி அதைப் பார்த்தாள்.

ஊர் வயல்களைப் படம் எடுத்து ஹைதராபாத்துக்கு அனுப்புவது அவள் வேலை. அங்கே கணினி முன் இருக்கும் பயிர் நிபுணர்கள் படத்தைப் பார்த்து யோசனை சொல்வார்கள். ஒவ்வொரு காட்டிலும் ஐந்து செடியில் சிவப்புத் துணி கட்டி, அவற்றைத்தான் படம் எடுப்பாள், மற்றதையும் ஒரு சுற்றுப் பார்ப்பாள். நேற்று சாயங்காலம் மழைக்குப் பயந்து அந்த ஐந்தை மட்டும் படம் எடுத்துவிட்டு ஓடிவிட்டாள். பதில் இப்போது கையில் இருந்தது: பயிர் நலம், எதுவும் செய்ய வேண்டாம்.

"சத்தமாப் படி தங்கச்சி. செடிங்களும் கேக்கட்டும்," என்றான் ஓதேலு. முதுகில் மருந்து தெளிக்கும் டப்பா ஏறியிருந்தது. "மருந்துக் கடைக்காரன் புழுன்னு சொல்றான். அடிக்கப் போறேன். இது போச்சுன்னா இந்த வருஷமே போச்சு."

"ஒரு புழுவக் கண்ணால பாத்தியாண்ணா?"

"உன் ஹைதராபாத்துக்காரரு என் காட்டப் பாத்தாரா?"

அவள் நிபுணரைப் போனில் பிடித்தாள். "படத்துல பச்சைப் பசேல்னு நிக்குதேம்மா," என்றார் சுதர்சனம் சார்.

ஸ்வரூபா சேற்றில் இறங்கி ஓடினாள். வாடிய காட்டுக்கு நடுவே துணி கட்டிய ஐந்தும் நிமிர்ந்து நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் கையால் அணைத்த சின்னப் பாத்தி.

"யாரு இதுக்குத் தண்ணி ஊத்துனது?"

வரப்பில் நின்ற ஓதேலுவின் மனைவி லச்சவ்வா தலை குனிந்தாள். "நான்தான். மழையில்லாத நாளெல்லாம் குடத்துல கொண்டாந்தேன். பெரியவங்க பாக்குற செடியாச்சே. பொண்ணு பாக்க வந்தா தலை சீவாமலா நிறுத்துவோம்?"

"எனக்கு வெந்நி வைக்க நேரமில்ல, இதுங்களுக்குக் குடம் குடமா?" என்றான் ஓதேலு.

ஸ்வரூபா நடந்ததைப் போனில் சொன்னாள். சார் குரல் மாறியது. "காஞ்சு கெடந்த செடி திடீர்னு தண்ணியில நிக்குது. வேருக்கு மூச்சில்ல. அந்த அஞ்சும் காயவே இல்ல, அதான் நிமிந்து நிக்குது. புழு கெடையாது, தெளிக்காதீங்க. முதல்ல தண்ணிய வடிங்க. அப்புறம் வேர்ல ஊத்த மருந்து சொல்றேன்."

"பொழைக்குமா சார்?"

"நேத்தே தெரிஞ்சிருந்தா உறுதியாச் சொல்லியிருப்பேன். வெயில் ஏறுறதுக்குள்ள வடிச்சா பாதியாவது நிக்கும்."

"முதல்ல ஒண்ணு, இப்ப ஒண்ணு," ஓதேலு டப்பாவின் பிடியை அழுத்திப் பிடித்தான். "எத நம்புறது?"

"முதல்ல சொன்னது அண்ணி வளர்த்த அஞ்சுக்கு. தப்பு என்னோடது, நான் மத்ததத் திரும்பிப் பாக்கல. இப்பச் சொல்றதுதான் உன் காட்டுக்கு."

அவன் அசையவில்லை. மேகம் விலகி வெயில் முதுகில் சுட்டது. லச்சவ்வா அவனைக் கேட்காமல் மண்வெட்டியை எடுத்துத் தாழ்ந்த பக்கத்து வரப்பை வெட்டினாள். செந்தண்ணீர் சாலுக்குச் சால் நகர்ந்து வாய்க்காலில் விழத் தொடங்கியது. ஓதேலு கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். பிறகு டப்பாவை இறக்கி வைத்தான்.

"மேலப் பக்கம் ரெண்டு சால் அடைச்சிருக்கு," என்றான். "நீ அந்தப் பக்கம் போ தங்கச்சி. சீக்கிரம்."