செப்டம்பர் பன்னிரண்டு சிவப்பா, கறுப்பா?

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடலாம். ஒரு புரூஃப் தாளில். சிவகாசி அச்சாபீசில் 2005 தினசரி காலண்டரைத் திருத்த உட்கார்ந்த சோணைமுத்து, செப்டம்பர் பன்னிரண்டுக்கு வந்ததும் வேலையைப் போட்டுவிட்டுக் கதை எழுத ஆரம்பித்தார். ('நான்' என்று எழுதப் பயந்துதான் 'சோணைமுத்து' என்று எழுதுகிறார். பயப்படுவதில் மனுஷன் கெட்டிக்காரர்.)

முதல் தொடக்கம்: "கரிசல் மண் கண்ணீர் விட்டது, அந்தக் கண்ணீரில்..." அடச்சே.

2

கரிசல் மாநிலம் தனியாக வேண்டும் என்று ஏழு பேர் இயக்கம் நடத்தினார்கள். சோணைமுத்துதான் பொதுச்செயலாளர். சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டரை ஆடியிலேயே அடிக்க வேண்டும். போராட்டம் ஜெயிக்கட்டும் என்று மெஷின் காத்திருக்குமா? 2003 செப்டம்பர் பன்னிரண்டு, 'கரிசல் மாநில உதய நாள், விடுமுறை' என்று 2002 ஆடியிலேயே சிவப்பில் போட்டுவிட்டார்.

தலைநகரம் விருதுநகரா சிவகாசியா என்று சண்டை வந்து, தை பிறக்குமுன் இயக்கம் கலைந்தது. முதலாளி கவனித்தபோது காலண்டர் விற்றுத் தீர்ந்திருந்தது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

3

எம். புதுப்பட்டியில் வேலுத்தாய் வீட்டுச் சுவரில் அந்தக் காலண்டர் தொங்கியது. பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிற வேலை. தேதி சிவப்பாக இருந்ததைப் பார்த்து, தீபாவளி சீசனில் ஒரு நாள் வீட்டில் இருந்துவிட்டார். மறுநாள் போர்மேனிடம் கிழித்த தாளைக் காட்டினார். வேலை போனது.

(இங்கே ஒரு வெடிவிபத்தை வைத்து, லீவு போட்டதால் உயிர் தப்பினார் என்று எழுதினால் நாலு பேர் பாராட்டுவார்கள். சோணைமுத்து எழுதியும் பார்த்தார். வெட்கமாக இருந்தது, கிழித்துப் போட்டார்.)

4

சேதி காதுக்கு வந்தும், மன்னிப்புக் கேட்கப் போக இவருக்குப் பத்து மாசம் ஆனது. வேலுத்தாய் இப்போது விஸ்வநத்தத்தில் வேறு கம்பெனிக்குப் போகிறார். திட்டு வாங்கத் தயாராகப் போனவரிடம், வருகிற காலண்டரில் அந்த நாள் உண்டா என்று கேட்டார்.

"சிவப்பாவே போடுங்க அண்ணாச்சி. போன தடவ நான் ஒருத்திதான் வீட்ல இருந்தேன். இந்தத் தடவ எங்க கம்பெனில இருக்கிற நாப்பது பேரும் போகமாட்டோம். அம்புட்டுப் பேரையும் எப்படி நிப்பாட்டுவாக?"

மாநிலம்தான் வரவில்லையே தாயி என்றார் இவர்.

"வராட்டி என்ன? நாங்க இங்கனதான இருக்கோம்."

ஏழு பேரைச் சேர்த்து வைக்கத் தெரியாத பொதுச்செயலாளர், நாற்பது, நாற்பது என்று முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினார்.

5

முடிவு ஒன்று: கறுப்பு. இவர் வேலை தப்பிக்கும். நாற்பது பேரும் வழக்கம்போல வேலைக்குப் போவார்கள்.

முடிவு இரண்டு: சிவப்பு. இவர் வீட்டுக்குப் போவார். நாற்பது பேரும் சொன்னபடி நிற்பார்களா, தெரியாது.

முடிவு மூன்று: திடீரென்று மழை பெய்து... ஆடியில் இங்கே ஏது மழை, சும்மா இருங்க.

மெஷின்மேன் கருப்பணன் தாளுக்கு வந்து நிற்கிறார். சோணைமுத்து பேனாவை எடுத்து, அந்தத் தேதிக்குப் பக்கத்தில்

இல்லை, நீங்களே எழுதுங்க. பேனா இந்தாங்க. எந்த நிறம் வேண்டுமானாலும் போடுங்க. முதலாளி கேட்டாலும் சரி, வேலுத்தாய் கேட்டாலும் சரி, போட்டது நான்தான் என்று சொல்லிக்கொள்கிறேன்.