மீசைக்கு வந்த உளி

மரக் கடைசல்காரர்களுக்கு எஃகு உளி செய்து கொடுப்பவர் அவர். மச்சினனும் கடைசல்காரன்தான், ஆனால் மரம் கடைவதைவிடக் குறை சொல்வதில் கை தேர்ந்தவன். கிண்ணம் குடைய அவர் செய்து கொடுத்த வளைந்த உளியை மூன்றாம் முறையாகக் கொண்டுவந்து பட்டறை மேசையில் வைத்தான்.

"மாமா, கூரே இல்ல. ஒரு முடியக்கூட எடுக்க மாட்டேங்குது."

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு தடவையும் சாணை பிடித்துத் தன் கையில் சிரைத்துப் பார்த்துத்தான் கொடுத்திருந்தார். இரண்டு கைகளும் உரித்த கோழியாகிவிட்டன, அடுத்து கால்தான்.

"எப்படிப் பாத்த? என் கண்ணு முன்னால செஞ்சு காட்டு."

மச்சினன் தன் பழைய உளியை எடுத்து, தன் முழங்கைக்கு மேல் மிச்சமிருந்த முடியில் இழுத்தான். "பாருங்க, எப்படி மழிக்குது!" பிறகு புது உளியை அதே இடத்தில் இழுத்தான். "இதுல ஒண்ணுமே வரல!"

"அறுத்த வயல்ல விட்டுட்டு அரிவாளக் குறை சொல்றியேடா, அறிவுக்கொழுந்தே!" அவர் புது உளியைப் பிடுங்கினார். "வா, விளைஞ்ச இடமாப் பாப்போம்" என்று அவன் மீசையை நோக்கி நீட்டினார்.

மச்சினன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான். உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது:

"கூராத்தான் இருக்கு மாமா!"