நான் எழுதிய தந்தி

வட்டக்கச்சியில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தியா ரீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்கள். நாகர்கோவிலிலிருந்து கடல் தாண்டி வந்து இரண்டு வருடமாகியும் நான் இந்தியாதான். வருடத்துக்கு ஒரு தடவை விசாவைப் புதுப்பிக்கக் கொழும்புக்குத் தாள் அனுப்ப வேண்டும். அதில் என்னை அந்நியர் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இதென்ன கூத்து? தமிழ் ஊரில் தமிழச்சி எப்படி அந்நியர் ஆவாள் என்று தலைமையாசிரியரிடமே சண்டைக்குப் போயிருக்கிறேன். அவர் பாவம், என்ன செய்வார்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் வருடம் அது. குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பது என் வேலை. ஓலைக் கொட்டகை, ஒரு கரும்பலகை, நாற்பத்தெட்டுப் பிள்ளைகள். "திஸ் இஸ் எ பென்" என்பதைப் பாட்டாகவே பாடுவார்கள். நெல் அறுப்புத் தொடங்கினால் பாதி வகுப்பு வயலில் நிற்கும். மழை பெய்தால் எல்லோரும் என் மேசையைச் சுற்றி வந்துவிடுவார்கள், ஏனென்றால் அங்கே மட்டும்தான் ஒழுகாது.

வந்த முதல் மாதமே மாட்டிக்கொண்டேன். விமலேஸ்வரி என்றொரு சிறுமி வீட்டுப்பாடமே செய்ய மாட்டாள். "உங்க அம்மாவைக் கூட்டிட்டு வா, அவங்ககிட்ட நான் பேசணும்" என்றேன். பிள்ளை ஓவென்று அழுதது. மறுநாள் தாய்க்காரி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, "என்னை ஏன் பேசப்போறியள் ரீச்சர்? நான் உங்களுக்கு என்ன செய்தனான்?" என்று சண்டைக்கு நின்றாள். இந்த ஊரில் பேசுவது என்றால் திட்டுவதாம். சாதாரணமாகப் பேசுவதற்குக் கதைப்பது என்று பெயராம். பள்ளிக்கூடமே சிரித்தது. "முதலிலை நாங்கள் உங்களுக்குத் தமிழ் படிப்பிக்க வேணும் போல கிடக்கு" என்றார் தலைமையாசிரியர். சும்மா பகிடிக்குச் சொன்னதுதான். எனக்கோ உள்ளங்காலிலிருந்து உச்சி வரை பற்றி எரிந்தது. கோபம் எனக்குக் கூடப்பிறந்தது. இனிமேல் எந்தச் சொல்லுக்கும் இவர்களிடம் பொருள் கேட்பதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். முன்னும் பின்னும் பார்த்து நானே ஊகித்துக்கொள்வேன். வருத்தம் என்றால் நோய், கெதியாக என்றால் சீக்கிரமாக. என் ஊகம் அநேகமாகச் சரியாகவே வந்தது. அதுதான் வினையாயிற்று.

நான் தங்கியிருந்தது ஐயாத்துரையர் வீட்டில். அவரும் மனைவி அன்னபாக்கியம் அக்காவும் மட்டும்தான். ஒரே மகன் கதிர்காமநாதன் கொழும்பில் ஒரு கந்தோரில், எங்கள் பேச்சில் ஆபீசில், கிளாக்கர். மகன் போன வீட்டின் வெறுமையை அக்கா என்னை வைத்து நிரப்பிக்கொண்டார். குசினியில் எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "இன்னும் ரெண்டு வாய் பிட்டுப் போடட்டே பிள்ளை? வெக்கப்படாதையுங்கோ" என்பார். தலைவலி என்று படுத்தால் கொத்தமல்லி அவித்துக்கொண்டு வந்து கட்டிலடியில் நிற்பார். எனக்குத் தாய் இல்லை. அந்தக் கொத்தமல்லித் தண்ணீரைக் குடிக்கும்போதெல்லாம் அழுகை வரும், காட்டிக்கொள்ள மாட்டேன்.

மாசி மாதம் ஐயாத்துரையர் நெஞ்சுநோ வந்து படுத்துவிட்டார். அக்காவுக்கு எழுதத் தெரியாது. மகனுக்கு நான்தான் கடிதம் எழுதினேன். பதில் உடனே வந்தது. "வருத்தம் கூடினால் அறிவியுங்கோ. இங்கே பெரிய டாக்டர் ஒருவரை எனக்குத் தெரியும். அவரிட்டை மருந்து எடுத்துக்கொண்டு வாறன்" என்று எழுதியிருந்தான். வாசித்துக் காட்டினேன்.

"மருந்து கிடக்கட்டும் ரீச்சர்" என்றார் ஐயாத்துரையர். "எனக்குக் கொள்ளி வைக்க அவன் ஒருத்தன்தானே இருக்கிறான். அந்த நேரத்துக்கு வந்து நிண்டிட்டானெண்டால் போதும்."

"உந்தக் கதையை விடுங்கோ" என்று அக்கா அதட்டினார். அதட்டிவிட்டுக் குசினிக்குள் போய் அழுதார்.

பத்து நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது ஐயாத்துரையர் சாய்ந்திருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். முகம்கூடக் கொஞ்சம் தெளிந்திருந்தது. பத்து மணிக்கு அடுத்த வளவுச் செல்வநாயகம் சைக்கிளைக் கொட்டகை வாசலில் போட்டுவிட்டு வியர்க்க விறுவிறுக்க வகுப்புக்குள் வந்தார்.

"ரீச்சர், ஐயாத்துரையண்ணை மோசம் போயிட்டார். பெடியனுக்கு இங்கிலீசிலை ஒரு தந்தி எழுதித் தாங்கோ. நான் கிளிநொச்சிக்கு ஓட வேணும். எல்லாம் அவன் வந்துதான் செய்ய வேணும்."

மோசம் போய்விட்டார் என்றால்? ஒரு கணம் தயங்கினேன். நாற்பத்தெட்டு முகங்களும் என்னையே பார்த்தன. நோய் மோசமாகிவிட்டது, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக மகன் வர வேண்டும், வேறென்ன இருக்கப்போகிறது? கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். "ஃபாதர் வோர்ஸ். கம் சூன்." தகப்பனாருக்கு மோசம், சீக்கிரம் வா. பிழையில்லாத இங்கிலீஷ். செல்வநாயகம் அதை வாங்கிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு ஓடினார்.

பிள்ளைகள் கொப்பிகளை மூடி வைத்தார்கள். விமலேஸ்வரி மட்டும் எழுந்து, "நீங்கள் வீட்டை போகேல்லையோ ரீச்சர்?" என்று கேட்டாள். "பாடம் முடியட்டும், உட்காரு" என்று அதட்டினேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் சுடுகிறது.

இரண்டு மணிக்கு வீடு திரும்பினேன். ஒழுங்கை திரும்பும்போதே பறைச் சத்தம் கேட்டது. முற்றம் நிறைய ஆட்கள். உள்ளே ஐயாத்துரையரைக் கிடத்தியிருந்தார்கள். அக்கா தலைவிரி கோலமாக அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். செல்வநாயகத்தின் மனைவி நேசமலர் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"ஒன்பது மணிபோலையே மோசம் போயிட்டார் ரீச்சர். ஒரு சொட்டுத் தண்ணிகூடக் கேக்கேல்லை."

ஐயோ! அந்தச் சொல் அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த ஊரில் மனிதர் இறந்தால் மோசம் போய்விட்டார் என்பார்கள்.

மணி இரண்டரைகூட ஆகவில்லை. தபால் கந்தோர் ஐந்து வரை திறந்திருக்கும். யாரிடமாவது ஒரு வார்த்தை சொன்னால் சைக்கிளில் பறந்திருப்பார்கள். இன்னொரு தந்தி போயிருக்கும். அன்றிரவு மெயிலில் அவன் ஏறியிருப்பான். வாய் வரவில்லை. இவ்வளவு பேர் நடுவில், படித்தவளென்று பாய் விரித்து உட்கார வைக்கிற இவர்கள் நடுவில், எனக்குத் தமிழ் விளங்கவில்லை என்று எப்படிச் சொல்வது? மோசம் என்று கண்டால் எந்த மகன்தான் வராமல் இருப்பான், வந்துவிடுவான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாவி, நான் பாவி.

புதன்கிழமை விடியற்காலையில் செல்வநாயகம் கிளிநொச்சி ஸ்டேசனில் போய் நின்று தனியே திரும்பினார். பகல் ரயிலுக்கும் போனார். அதிலும் அவன் இல்லை. "இந்த வெயிலுக்கு இனி வைச்சிருக்கேலாது" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான்கு மணிக்கு எடுத்தார்கள். ஐயாத்துரையரின் தம்பி மகன் கொள்ளி வைக்கப் போனான். "என்ரை பிள்ளை வரட்டும், கொஞ்சம் பொறுங்கோ, அவன் வந்திடுவான்" என்று அக்கா வாசல்வரை ஓடி மண்ணில் விழுந்தார். தூக்கப் போனேன். என் தோளில்தான் சாய்ந்து அழுதார். அப்போதும் நான் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலையில் கதிர்காமநாதன் வந்தான். ஒரு கையில் ஆரஞ்சுப் பழப் பை. மறுகையில் துணி சுற்றி, உடையாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்த மருந்துப் போத்தல்கள். பந்தலைக் கண்டதும் நடு முற்றத்தில் நின்றுவிட்டான்.

"ஏன்ரா பிந்தினனீ?" அக்கா அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "அப்பாவின்ரை முகத்தைப் பாக்கிறதிலும் என்னடா உனக்குப் பெரிசு? ஊரே உனக்காகக் காத்துக்கொண்டு கிடந்ததேடா!"

அவன் சட்டைப்பையிலிருந்து தந்தியை எடுத்தான். விரித்துப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அந்த முற்றத்தில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும். தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

"லீவு தரேல்லையம்மா" என்றான்.

"சீ, நீயும் ஒரு மகனோ?" என்றார் செல்வநாயகம். அவன் போத்தல்களைக் குனிந்து நிலத்தில் வைத்தான். அக்கா அவன் சட்டையை விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதை என்னால் தாங்க முடியவில்லை. அக்காவின் காலடியில் போய் விழுந்தேன்.

"இல்லக்கா, அவர் மேல தப்பே இல்ல. நான்தான் தந்திய மாத்தி எழுதிட்டேன். இறந்துட்டார்னு எனக்குப் புரியல. எங்க ஊர்ல மோசம்னா வேற அர்த்தம். அவர் மருந்து வாங்கப் போயிருக்கார்க்கா. எல்லாம் என்னாலதான்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. இரண்டு வருடமாக என் தமிழில் ஒரு சொல் விடாமல் விளங்கிக்கொண்டவர், மகன் பக்கம் திரும்பி, "இவ என்னவாம் சொல்லுறா?" என்று கேட்டார்.

கதிர்காமநாதன் என் தமிழைத் தாய்க்கு எடுத்துச் சொன்னான். "அவவுக்கு எங்கட சொல் விளங்கேல்லையாம் அம்மா. அப்பாவுக்கு வருத்தம் கூடியிட்டுது எண்டு நினைச்சு எழுதிப்போட்டாவாம்."

அக்கா அந்தப் போத்தல்களைப் பார்த்தார். பிறகு அவனிடமே சொன்னார்.

"விளங்காட்டில் கேட்டிருக்கலாமெல்லோ. எங்களிட்டைக் கேக்கிறதுக்கு அவவுக்கு என்ன வெக்கம்?"