காலர் வைத்த சட்டைகளை எண்ணுகிறவன்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. என் அண்ணன், பத்து வருடமாக நடத்தும் இஸ்திரிக் கடையைக் காலி செய்துவிட்டு, புது அடுக்குமாடிக் குடியிருப்புக்கு எதிரே கடை பிடிக்கப் போகிறான். காரணம்? கீழே நின்று பால்கனிக் கொடிகளை அண்ணாந்து பார்த்தானாம். காலர் வைத்த சட்டை நூற்றுப் பதினாறு.* முடிவெடுத்தாயிற்று.

* நூற்றுப் பதினேழாவது பள்ளிக்கூடச் சட்டை. சேர்க்கவில்லையாம். என்ன நேர்மை!

2

(முதலில் எழுதிய தொடக்கம்: "கரி படிந்த அவன் விரல்களில் ஒரு குடும்பத்தின்..." அடித்துவிட்டேன். கடையில் இருப்பது மின்சார இஸ்திரிப் பெட்டி. உங்கள் அனுதாபத்துக்காகக் கரி பூச மாட்டேன்.)

3

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். தொழில் செய்கிறவர்கள் கண்ணில் பட்ட ஒன்றை வைத்துச் சட்டென்று முடிவெடுப்பதைப் பற்றி அங்கே ஒரு பாடமே உண்டு. பரீட்சையில் அண்ணனைத்தான் உதாரணமாக எழுதினேன். [அவனுக்குத் தெரியாது.]

கேள்விப் படிவத்தோடு அந்தக் குடியிருப்பில் நாற்பது வீடு ஏறினேன்.

"முப்பத்தொரு வீட்டுல நாங்களே தேய்ச்சுக்குவோம்னு சொல்றாங்க, அண்ணா!"

"சொன்னவங்க போட்டிருந்த சட்டையைப் பார்த்தியா?"

பார்த்தேன். மென்று துப்பியது மாதிரி இருந்தது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

"நீ எண்ணினது ஞாயித்துக்கிழமை. நான் புதன்கிழமை எண்ணினேன். பதினொண்ணுதான்."

"புதன்கிழமை சட்டையெல்லாம் ஆபீஸ் போயிருக்கும், அறிவாளி."

4

முடிவு அ: கடை ஓடுகிறது, நான் அசடு வழிகிறேன்.

முடிவு ஆ: ஓடவில்லை. என் படிவம் ஜெயிக்கிறது. அண்ணன் இன்னொருவர் கடையில் கூலிக்குத் தேய்க்கிறான். இதை எழுதிவிட்டு அரைமணி நேரம் அவன் முகத்தைப் பார்க்க முடிய...

5

நாளைக் காலை பழைய கடைச் சாவியைக் கொடுக்க வேண்டும். வேறு ஆள் காத்திருக்கிறார். கொடுத்தால் திரும்பக் கிடைக்காது.

இன்று மதியம் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டான்:

"விளையாட்டுக்கு இல்ல. போகட்டுமா? நீ வேணாம்னா விட்டுடுறேன்."

"எதுக்கு என்னைக் கேக்குற?"

"நீதானே படிச்சவ."

எரிச்சலாக வந்தது. கொடியில் சட்டையைப் பார்த்தால் வியாபாரம் இருக்கும். தங்கையிடம் பட்டத்தைப் பார்த்தால் பதில் இருக்கும். அவ்வளவுதான் அவன் கணக்கு.

என் கணக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? "போ" என்று சொல்லத்தான் வாய் வருகிறது. நூற்றுப் பதினாறுக்காக இல்லை. கேட்கும்போது சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றான், அதற்காக.

ஆகவே நீங்கள் சொல்லுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: இதற்குள் அவனைப் பிடித்துப்போயிருந்தால், உங்கள் ஓட்டும் செல்லாது.